ஒரே நாளில் காஞ்சனபுரி: வழிகாட்டியோடு போகலாமா?

கேள்வி, மார்ச் 2
ஏப்ரலில் பாங்காக்கில் ஐந்து நாள் இருப்போம். அதில் ஒருநாள் காஞ்சனபுரி போய், இரண்டாம் உலகப் போரில் போர்க் கைதிகளையும் ஆசியத் தொழிலாளர்களையும் வைத்து ஜப்பானியர் போட்ட மரண ரயில் பாதையைப் பார்க்க, வழிகாட்டியோடு வேனில் அழைத்துப் போகிறார்கள். காலை ஆறரைக்குக் கிளம்பி இரவு ஏழுக்குத் திரும்பலாமாம். எழுபது வயது மாமியாரும் பத்து வயது மகனும் கூட வருவார்கள். போகலாமா? அந்தப் பாதையில் தமிழர்கள் நிறையப் பேர் செத்தார்கள் என்று படித்தேன். அதைப் பற்றி ஏதாவது காட்டுகிறார்களா?

மார்ச் 2, இரவு
போகலாம். ஆனால் மிதக்கும் சந்தை, யானை, க்வாய் நதிப் பாலம் மூன்றையும் ஒரே நாளில் காட்டுகிறோம் என்பவர்களிடம் மட்டும் பணம் கட்டாதீர்கள். பாங்காக்கிலிருந்து 130 கிலோமீட்டர் சொச்சம். போகவர ஐந்து மணி நேரம் வேனிலேயே கழிந்துவிடும். மிச்சத்தைத் தேங்காய் ஐஸ்கிரீமுக்கும் யானைக்கும் பங்கு போட்டால், பாலத்துக்குக் கிடைப்பது நாற்பது நிமிடம். அதில் இருபது நிமிடம் கழிப்பறை வரிசையில் போகும்.

நான் போன நவம்பரில் போனேன். மலேசியாக்காரன், பேராக்கில் ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில், பிறந்தவன். தமிழரைப் பற்றிக் காட்டுகிறார்களா என்று கேட்டீர்கள். ஒன்றுமே காட்டவில்லை. வழிகாட்டிக்குத் தமிழர் என்ற சொல்லே தெரியாது. இதை ஆறஅமர எழுத வேண்டும். இப்போது தூக்கம் வருகிறது.

மார்ச் 3, காலை
பசியாறிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

வேனில் ஒன்பது பேர். நானும் மனைவியும், ஹாலந்துக்காரத் தம்பதி ஒன்று, ஆஸ்திரேலிய இளைஞர்கள் மூவர், மற்ற இருவர் வழி முழுக்கத் தூங்கினார்கள். முதலில் கல்லறைத் தோட்டம். ஊர் நடுவில், பெரிய சாலை ஓரத்தில் இருக்கிறது. 6,982 போர்க் கைதிகள் அங்கே கிடக்கிறார்கள். பாதிக்கு மேல் பிரிட்டிஷ்காரர்கள், அடுத்து டச்சுக்காரர்கள், அதற்கடுத்து ஆஸ்திரேலியர்கள். நிமிர்ந்து நிற்கும் கல்லே கிடையாது. தரையோடு தரையாகச் சாய்த்துப் பதித்த சிறு வெண்கலத் தகடுகள், இடையிடையே பூச்செடிகள். புல் நம் வீட்டுப் பாயைவிட ஒழுங்காக இருந்தது.

ஹாலந்து அம்மாள் கைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தார். அதில் பெயரும் வரிசை எண்ணும் இருந்தன. வாசல் மண்டபத்தில் பதிவேட்டைப் புரட்டினார், நடந்தார், குனிந்தார். மொத்தம் ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அவருடைய பெரியப்பாவாம். தகட்டில் விழுந்திருந்த சருகைத் துடைத்துவிட்டு, கணவரைப் படம் எடுக்கச் சொன்னார். அழவில்லை. எனக்குத்தான் என்னவோ செய்தது.

பிறகு பாலம். வளைந்த கம்பி வளைவுகளும் கோணலான சட்டங்களும் கலந்து இருக்கும். கோணலானவைதான் ஜப்பான்காரன் கட்டிய பழையவை. உங்கள் மகனிடம் சொல்லுங்கள், கண்டுபிடிக்கட்டும்.

மார்ச் 3, மதியம்
தவறு. மேலே எழுதியதை அழிக்கவில்லை, என் லட்சணம் தெரியட்டும். வளைந்தவைதான் பழையவை. அவற்றை ஜாவாவிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து பூட்டினார்கள். நேச நாடுகளின் விமானங்கள் குண்டு போட்டு நடுப்பகுதியை உடைத்தன. போருக்குப் பிறகு ஜப்பான் நஷ்டஈடாகச் செய்து கொடுத்தவைதான் நடுவில் இருக்கும் இரண்டு கோணல் சட்டங்கள். வழிகாட்டி இதையே கேள்வியாகக் கேட்டார். அன்றும் நான் தவறாகத்தான் சொன்னேன். ஆஸ்திரேலியப் பையன் சரியாகச் சொன்னான்.

இன்னொன்று. நேற்று ஒருவருக்குத் தனியே எழுதியபோது "தாய் வழிகாட்டி" என்று எழுதிவிட்டேன். யாருடைய தாய் என்று கேட்கிறார். தாய்லாந்து அம்மாள், ஐயா. ஐம்பது வயதுக்கு மேல், வெயிலுக்குத் துண்டு போர்த்தியிருந்தார். ஆனால் எங்களை எண்ணி எண்ணி வேனில் ஏற்றியதைப் பார்த்தால் நீங்கள் புரிந்துகொண்டதும் தப்பில்லை.

மார்ச் 4
சயாம் என்றால், தாய்லாந்தின் பழைய பெயர்தான், எங்கள் வீட்டில் என்ன பொருள் என்று எழுதச் சொன்னார்கள்.

நான் சிறுவனாக இருந்தபோது சயாம் என்பது ஒரு நாடு என்றே எனக்குத் தெரியாது. "சயாமுக்குப் போனவன்" என்று பாட்டி சொன்னால் செத்துப்போனவன் என்று பொருள். அப்பாவின் சித்தப்பா, எனக்குச் சின்னத் தாத்தா, அப்படிப் போனவர். பத்தொன்பது வயது. மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி, அரிசி தருவார்கள் என்று தோட்டத்து எழுத்தர், கிராணி, வந்து சொன்னாராம். தோட்டத்தில் அப்போது மரவள்ளிக் கிழங்கைத் தவிர வேறில்லை. ரப்பர் வாங்க ஆளில்லை, பால் வெட்டும் இல்லை. அரிசி என்ற சொல்லுக்கே பாதி ஆட்கள் பெயர் கொடுத்திருப்பார்கள்.

முதலில் ஆசை காட்டினார்கள். போனவர்கள் திரும்பவில்லை என்று தெரிந்த பிறகு யாரும் வரவில்லை, அதனால் பிடித்துப் போனார்கள். இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று கூட்டம் சேர்த்து, கதவைச் சாத்தி, அப்படியே ரயிலேற்றிய கதையை மலேசியாவில் என் வயதுக்காரர் பலரும் வீட்டில் கேட்டிருப்பார்கள். சரக்குப் பெட்டியில் நான்கைந்து நாள், தாய்லாந்தில் பாதை தொடங்கும் பான் போங் வரைக்கும் பயணம். அங்கிருந்து காட்டுக்குள் நடை.

திரும்பிவந்த ஒருவர் சின்னத் தாத்தாவை மழைக்காலத்தில் வாந்திபேதி முகாமில் பார்த்ததாகச் சொன்னார். அவ்வளவுதான் செய்தி. நாள் தெரியாது. நாள் தெரியாவிட்டால் திதி எப்படிக் கொடுப்பது? தாத்தா மகாளய அமாவாசையில் தம்பிக்கு எள்ளும் தண்ணீரும் விட்டார், சாகும் வரை. அந்தக் கல்லறைத் தோட்டத்தில் ஒவ்வொரு தகட்டிலும் நாள், மாதம், வருடம் இருந்தது. என் கண் போனது அங்கேதான்.

மார்ச் 5
"ஒரு சிலிப்பர் கட்டைக்கு ஓர் உயிர்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சிலிப்பர் என்பது தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே போடும் கட்டை. எங்கள் ஊரிலும் மேடைதோறும் இதைச் சொல்வார்கள். உணர்ச்சிக்கு நன்றாக இருக்கிறது, கணக்குக்கு ஒத்துவரவில்லை. பாதையின் நீளம் 415 கிலோமீட்டர், தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாத் வரை. மீட்டருக்கு ஒன்றரைக் கட்டை என்று வைத்தாலே ஆறு லட்சம் தாண்டும். செத்த போர்க் கைதிகள் 12,000க்கு மேல். ஆசியத் தொழிலாளர்கள் 90,000 வரை என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். கூட்டினால் லட்சத்துச் சொச்சம். நான்கு மீட்டருக்கு ஓர் உயிர். நான்கு மீட்டர் என்றால் எங்கள் வீட்டுக் கூடத்தின் நீளம். அளந்து பார்த்தேன். மிகைப்படுத்த வேண்டிய தேவை எங்கே இருக்கிறது?

மார்ச் 5, மறுபடியும்
"மதிப்பிடுகிறார்கள்" என்று எழுதியதைப் பிடித்துக்கொண்டு, கைதிகளின் எண்ணிக்கை மட்டும் எப்படித் துல்லியமாகத் தெரியும் என்கிறார் ஒருவர். நல்ல கேள்வி. கைதிகள் படையாக இருந்தவர்கள். அவர்களுக்கு அதிகாரிகள் இருந்தார்கள், மருத்துவர்கள் இருந்தார்கள். காவலுக்குத் தெரியாமல் யார் எங்கே புதைக்கப்பட்டார் என்று எழுதிவைத்தார்கள். 1945 செப்டம்பரில், போர் முடிந்த கையோடு, ஒரு சிறு குழு அந்தக் குறிப்புகளோடு பாதை நெடுகப் போனது. 144 இடங்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளைக் கண்டுபிடித்தார்கள். கிடைக்காமல் போனவை 52 மட்டும்.

தோட்டத்திலிருந்து போனவர்களுக்கு யார் எழுதிவைப்பார்கள்? பெரும்பாலோர் கைநாட்டு. குடும்பம் குடும்பமாகப் போனவர்களும் உண்டு. கூலி முகாம்களில் வைத்தியமே கிடையாது என்று சொல்லிவிடலாம். 1943இல் மழையும் வாந்திபேதியும் சேர்ந்து வந்தபோது மூங்கிலைக் குவித்து எரித்தார்கள், குழியில் தள்ளினார்கள், ஓடினார்கள். காஞ்சனபுரியில் 1990இல் ஒரு குழியிலிருந்து எலும்புகள் குவியலாக வந்தன. யாருடையவை என்று எப்படிச் சொல்வது?

மார்ச் 7
அருங்காட்சியகம் பற்றி. சுற்றுலாக்காரர்கள் "போர் அருங்காட்சியகம், நுழைவுக் கட்டணம் உட்பட" என்று போடுவார்கள். எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். எங்களை அழைத்துப் போனவர்கள் படத்தில் ஒன்றைக் காட்டிவிட்டு வேறொன்றில் இறக்கிவிட்டார்கள். அங்கே பழைய மோட்டார் வண்டியும் மெழுகுப் பொம்மையும் வெளவால் நாற்றமும். பெயர் வேண்டாம், என் பணம் போனது போகட்டும்.

கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது தாய்லாந்து பர்மா ரயில்வே மையம். அதை விடாதீர்கள். கட்டணம் தனியாகக் கேட்டாலும் கொடுங்கள். எதற்காகப் போட்டார்கள், எந்த முகாமில் யார் இருந்தார்கள், எவ்வளவு சோறு கிடைத்தது என்று எல்லாம் வரிசையாக இருக்கிறது. ஆசியத் தொழிலாளர் கணக்கையும் மறைக்காமல் வைத்திருக்கிறார்கள். மேலே காப்பிக் கடை. மாமியாரை அங்கே உட்கார வைக்கலாம், கல்லறைத் தோட்டம் சன்னலிலேயே தெரியும்.

ஆற்றோரக் கோயிலுக்குள் மூங்கில் குடிசை வடிவில் ஒரு அருங்காட்சியகம் 1977இலிருந்து இருக்கிறது. பெயர் ஜீத். ஜப்பான், இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, தாய்லாந்து, ஹாலந்து ஆகியவற்றின் முதல் ஆங்கில எழுத்துகளைக் கோத்தது. வாசலில் நின்று விரல் விட்டு எண்ணினேன். மலாயாவுக்கு ஓர் எழுத்து இல்லை, பர்மாவுக்கு இல்லை, ஜாவாவுக்கு இல்லை. செத்தவர்களில் பெரும்பகுதி இந்த மூன்று இடத்துக்காரர்கள்தான்.

என் மனைவி சொன்னது: "ஜாவாவுக்கு ஜப்பானின் எழுத்தே போதும், இரண்டும் ஒரே எழுத்துதான்." அவர் கணக்கு ஆசிரியை. இப்படித்தான் சிக்கனம் பார்ப்பார்.

மார்ச் 8
இனித் தமிழ்.

பாலத்திலிருந்து சில நிமிட நடையில் ஒரு வளாகம். சுற்றுலா வேன்கள் அதைத் தாண்டிப் போய்விடும். 1944இல் ஜப்பானியப் படையே கட்டிய நினைவுத் தூண் அது. பாதை போடும்போது செத்தவர்களுக்காகவாம். சாகடித்த கையோடு தூணும் எழுப்பிவிட்டார்கள், போர் முடியும் வரைகூடக் காத்திருக்கவில்லை. மூலைச் சுவர்களில் கல்வெட்டுகள். ஆங்கிலம் இருக்கிறது, மலாய் இருக்கிறது, சீனம், வியட்நாமியம் இருக்கிறது. ஒன்று தமிழ்.

அந்தக் கல்லின் முன் நின்றேன். வெயில் நேரே அடித்ததால் எழுத்து பளபளத்தது, தலையைச் சாய்த்து நிழல் விழவைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. விரலால் தடவினேன். "ழ" எங்கே வருகிறது என்று தேடியது நினைவிருக்கிறது. ஏன் அதைத் தேடினேன் என்று தெரியவில்லை. நாள் முழுக்க நான் பார்த்த தமிழ் எழுத்து அது ஒன்றுதான். வெட்டச் சொன்னவன் ஜப்பான்காரன். வெட்டியவனோ எழுதிக் கொடுத்தவனோ எந்தத் தோட்டத்திலிருந்து வந்தவன்?

ஜப்பானியர் வைத்த கல்லை வணங்குவதா என்று மனைவி கேட்டார். வணங்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன், அவ்வளவுதான். தரை கொதித்ததால் அதையும் ரொம்ப நேரம் செய்ய முடியவில்லை.

மார்ச் 9
முதல் நாள் இங்கே எழுதியதைத் திரும்பப் படித்தேன். வழிகாட்டிமேல் பழி போட்டிருக்கிறேன். நியாயமில்லை.

நடந்தது இது. காலையிலிருந்து நான் வாயே திறக்கவில்லை. ஹாலந்து அம்மாள் வேனில் ஏறியதுமே பெரியப்பா கதையைச் சொல்லிவிட்டார், வழிகாட்டியும் கல்லறையில் அவருக்குக் கூடுதலாகக் கால் மணி நேரம் ஒதுக்கினார். நான் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், இவர்களாகச் சொல்கிறார்களா பார்ப்போம் என்று. மதியச் சாப்பாட்டில்தான் சொன்னேன்: என் சின்னத் தாத்தாவும் இங்கேதான், மலாயாத் தமிழர். வழிகாட்டி அம்மாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "வளைந்து வளைந்து இருக்குமே, அந்த எழுத்தா?" என்று கேட்டார். இத்தனை வருடமாக அதைப் பர்மிய எழுத்து என்று நினைத்திருந்தாராம். அந்த நினைவுத் தூண் அன்றைய திட்டத்திலேயே இல்லை. மற்ற ஏழு பேரிடமும் கேட்டு, வேனைத் திருப்பச் சொல்லி, அவரே கூட வந்தார். கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

ஆகவே "ஒன்றுமே காட்டவில்லை" என்பது பாதிப் பொய்.

மார்ச் 10
முழுப் பொய்யாகிவிட்டது. கோலாலம்பூரிலிருந்து ஒருவர் தகவல் அனுப்பியிருக்கிறார். கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் வாட் தாவோன் வராராம் என்ற கோயில். ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகள் அங்கே இருக்கின்றன. மலேசியாவில் இந்த வரலாற்றைத் தேடுகிறவர்கள் அங்கே நடுகல் ஒன்று நிறுத்தியிருக்கிறார்கள். நடுகல் என்றே பெயர். நான் ரயில்வே மையத்தின் மாடியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டு, தமிழனுக்கு ஒரு கல் இல்லையே என்று மனைவியிடம் பொருமியபோது அது கூப்பிடு தூரத்தில் நின்றிருக்கிறது. பொருமுவதற்கு முன் ஒருமுறை விசாரித்திருக்கலாம். பாட்டியிடமும் சின்னத் தாத்தாவைப் பற்றி ஒருநாளும் உட்கார்ந்து கேட்டதில்லை. சின்னத் தாத்தாவின் முழுப் பெயரை அப்பாவிடம் தெரிந்துகொண்டதே டிக்கெட் வாங்கிய பிறகுதான்.

நீங்கள் போனால் அங்கே நில்லுங்கள். வாசலுக்குள் போய்விட்டுத் திரும்ப நேரம் போதும்.

மார்ச் 12
ஹெல்ஃபயர் பாஸ் பற்றி இரண்டு பேர் கேட்டார்கள். பாலத்தைவிட அது முக்கியம் என்பேன். ஆனால் எல்லாச் சுற்றுலாவிலும் இராது. காஞ்சனபுரியிலிருந்து இன்னும் 80 கிலோமீட்டர். பாறையைப் பிளந்து பாதை போட்ட இடம். ஒருவன் கம்பியைப் பிடிக்க, இன்னொருவன் சம்மட்டியால் அடிக்க, துளை போட்டு வெடி வைத்துப் பெயர்த்தார்கள். 1943இல் அவசரம் தலைக்கேறி இரவிலும் வேலை வாங்கினார்கள். மூங்கில் தீப்பந்த வெளிச்சத்தில் எலும்பும் தோலுமாக ஆட்கள் நின்ற காட்சியைப் பார்த்து நரகத் தீ என்று பெயர் வைத்தார்கள். பாறைச் சுவரில் உடைந்த துளைக் கம்பி ஒன்று இன்னும் மாட்டிக்கொண்டிருக்கிறது. கட்டைவிரல் பருமன் இருக்கும். தொட்டால் சூடாக இருந்தது, பாறை குளிர்ந்திருந்தது.

ஆஸ்திரேலிய அரசு நடத்தும் மையம் அங்கே இருக்கிறது, கட்டணம் இல்லை. காதில் மாட்டிக் கேட்கும் கருவி தருகிறார்கள், முதிய கைதிகளின் குரலே பேசும். கீழே இறங்கப் படிகள் நிறைய. எழுபது வயது முட்டிக்கு, ஏப்ரல் வெயிலில், வேண்டாம். மகனை மட்டும் அழைத்துப் போங்கள். மாமியார் மேலே நிழலில் இருக்கட்டும்.

மார்ச் 14
யாரோ க்வாய் நதி என்றால் என்ன என்று கேட்டதற்குப் பதில். அந்த ஊர் மொழியில் க்வே என்றால் கிளை ஆறு. ஆங்கிலப் படக்காரர்கள் உச்சரித்ததுபோல் க்வாய் என்றால் எருமை. வழிகாட்டி அம்மாள் இதைச் சொல்லிச் சிரிப்பார், தினமும் சொல்வார்போல. அதைவிட வேடிக்கை, பாலத்தின் கீழே ஓடிய ஆற்றின் பெயரே வேறு, மே க்ளோங். 1957இல் படம் வந்து, வெள்ளைக்காரர்கள் க்வாய் நதிப் பாலம் எங்கே என்று தேடி வந்ததால், 1960 வாக்கில் ஆற்றின் பெயரையே மாற்றிவிட்டார்கள். படம் எடுத்ததோ இலங்கையில், கித்துல்கலவில். அந்தப் படத்தில் எங்கள் ஆட்கள் இல்லை என்று குறைப்படுபவர்களுக்கு: ஆறே அசல் இல்லை, நாம் எங்கே இருக்கப் போகிறோம்.

மார்ச் 14, இன்னும் கொஞ்சம்
எழுதும்போதே இன்னொன்று நினைவு வந்தது. ஆளை மட்டும் கொண்டுபோகவில்லை. மலாயாவின் கிழக்குக் கரை ரயில் பாதையிலிருந்து தண்டவாளத்தையும் பெயர்த்துச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். கடல் வழியில் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குப் பயந்து, பர்மாவிலிருந்த படைக்குத் தரை வழியாகச் சாமான் அனுப்பத்தானே இத்தனையும். 1943 அக்டோபர் 17இல் இரண்டு முனையும் சேர்ந்தன. போர்ச் சாமானோடு அது ஓடியது இரண்டு வருடம்கூட இல்லை. இன்று ரயில் போவது நாம் தோக் என்ற ஊர் வரை மட்டும். அதற்கு மேல் காடு மூடிவிட்டது.

மார்ச் 16
கடைசியாகக் கேட்டதற்குப் பதில். வழிகாட்டியோடு போங்கள், குழந்தையும் பெரியவரும் இருப்பதால் அதுதான் சரி. ஆனால் வேன் கிளம்பும்போதே உங்களுக்கு என்ன பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள், என்னைப் போல மதியம் வரை வைத்திருக்காதீர்கள். தனியாகப் போக வேண்டுமென்றால் தோன்புரி நிலையத்திலிருந்து காலையில் ரயில், வெளிநாட்டவருக்கு 100 பாட், மின்விசிறி மட்டும், நேரத்துக்கு வந்தால் அதிசயம்.

சுற்றுலாவில் சிறிது தூரம் ரயிலிலும் ஏற்றுவார்கள். தாம் க்ராசே என்ற இடத்தில் பாறைக்கும் ஆற்றுக்கும் நடுவே மரக் கால்கள்மேல் பாதை போகும், நடக்கும் வேகத்தில் ஊரும். கட்டைகள் முனகுவது கேட்கும். எல்லோரும் செல்போனை வெளியே நீட்டுவார்கள், நானும் நீட்டினேன். வலப்பக்கம் உட்காருங்கள், ஆறு தெரியும்.

மார்ச் 16, ஒரு மணி நேரம் கழித்து
இடப்பக்கம். மனைவி திருத்தினார். நாம் தோக் போகும்போது இடப்பக்கம் ஆறு, வலப்பக்கம் பாறை. நான் வலப்பக்கம் உட்கார்ந்துவிட்டு, அவர் தோளுக்கு மேலாகத்தான் ஆற்றைப் பார்த்தேனாம்.